லாரி ஹார்லோ: கேட்டவர்களின் அனுபவப் பகிர்வு

கோயம்புத்தூர் உறுப்பினர் (இழையைத் தொடங்கியவர்)

லாரி ஹார்லோ எனக்கு லத்தீன் அமெரிக்க நடன இசையான சல்சா வழியாக அறிமுகமானவர் அல்லர். ராக் இசை வழியாகத்தான் அவரிடம் போய்ச் சேர்ந்தேன். தி மார்ஸ் வோல்ட்டா குழு 2005இல் வெளியிட்ட 'ஃபிரான்சஸ் தி மியூட்' தொகுப்பில், கிதார்களின் ஆவேசம் சட்டென்று அடங்கி, பாடல் லத்தீன் நடைக்கு மாறி, பியானோ ஒன்று உள்ளே நுழையும் இடம் உண்டு. கல்லூரி விடுதியில் அறைத்தோழர்கள் சலித்துக்கொள்ளும் அளவுக்கு அந்தப் பகுதியை மட்டும் திரும்பத் திரும்ப ஓடவிட்டிருக்கிறேன். அதை வாசித்தவர் யாரென்று தேடிப் போனபோது, அவர் அந்தக் குழுவின் வயதை ஒத்த இளைஞர் அல்லர், சல்சா என்ற பெயர் பரவுவதற்கு முன்பே நியூயார்க்கில் அந்த இசையை உருவாக்கியவர்களில் ஒருவர் என்று தெரிந்தது.

1939இல் புரூக்ளினில் யூதக் குடும்பம் ஒன்றில் பிறந்த அவருடைய இயற்பெயர் லாரன்ஸ் ஐரா கான். தந்தை 'லத்தீன் குவார்ட்டர்' இரவு விடுதியில் இசைக்குழு நடத்தியவர். ஹார்லோ என்பது அவர் வழியாக வந்த மேடைப்பெயர். தாய் ஆப்பரா பாடகி. ஹார்லெம் பகுதியில் இருந்த இசை, கலை உயர்நிலைப் பள்ளிக்கு நடந்து போகும் வழியில் கடைகளிலிருந்து கேட்ட கரீபிய இசைதான் பையனைப் பிடித்துக்கொண்டதாம். 1950களில் கியூபாவுக்கே போய்ப் படித்தார். புரட்சி வந்ததும் திரும்ப நேர்ந்தது. உங்களில் எவரேனும் அவருடைய இசையை இசைத்தட்டில் கேட்டோ, மேடையில் கண்டோ, வாசித்துப் பார்த்தோ இருந்தால் எழுதுங்கள்.

சென்னை உறுப்பினர், பியானோ ஆசிரியர்

வாசித்துப் பார்த்தவன் என்ற தகுதியில் எழுதுகிறேன். மேற்கத்தியச் செவ்வியல் பியானோவை முறையாகப் பயின்றவர்களுக்கு ஹார்லோவின் மொண்டுனோ ஒரு நல்ல பாடம். பார்வைக்கு அது எளிது: இரண்டு கைகளும் ஆக்டேவ் இடைவெளியில் ஒரே சிறு சொற்கட்டைப் பாடலின் பிற்பகுதி முழுவதும் சுழற்றிக்கொண்டே இருக்க வேண்டும், அவ்வளவுதான். கை வைத்ததும்தான் வினை தெரியும். நம் இடது கை முதல் தட்டில் இறங்கி இளைப்பாறப் பழகியது. இங்கோ பாஸ் கலைஞர் முதல் தட்டை வேண்டுமென்றே விட்டுவிட்டு, அடுத்த ஸ்வரத்தை ஒரு தட்டு முன்கூட்டியே வாசித்துவிடுவார். போதாக்குறைக்கு, ஒரு பட்டியில் (தாளச் சுற்றில்) மூன்று, அடுத்ததில் இரண்டு என ஐந்து தட்டுகளாக விழும் கிளாவே என்னும் அடிப்படைத் தாளக்கட்டோடு பியானோவின் சொற்கட்டு பொருந்தியாக வேண்டும். பட்டிகள் இடம் மாறினால் ஸ்வரங்கள் எல்லாம் சரியாக இருந்தும் வாசிப்பு நொண்டும். ஆடுகிறவர்களின் கால் அதை உடனே கண்டுபிடித்துவிடும்.

இதை அவர் யாரிடமிருந்து கற்றார் என்பதற்குச் சான்று, 1971இல் பதிவான அர்சேனியோ ரோட்ரிகேஸ் அஞ்சலித் தொகுப்பு. அர்சேனியோ பார்வையற்ற கியூபக் கலைஞர், ட்ரெஸ் என்னும் நரம்புக்கருவியின் மேதை. சோன் என்னும் கியூப இசையை வாசிக்கும் சிறு குழுவில் பியானோ, காங்கா முரசு, கூடுதல் டிரம்பெட்டுகள் ஆகியவற்றைச் சேர்த்து அதைக் கொன்ஹுன்டோ என்னும் பெரிய குழுவாக வளர்த்தவர். 1970 டிசம்பரில் அவர் லாஸ் ஏஞ்சலிஸில் காலமானபோது அமெரிக்காவில் அதைப் பெரிதாகப் பேசியவர்கள் குறைவு. அடுத்த ஆண்டே, இளைஞரான இஸ்மாயில் மிராண்டாவைப் பாடவைத்து, அந்தப் பழைய பாடல்களை நியூயார்க்கின் டிராம்போன் முழக்கத்தோடு மீண்டும் கொண்டுவந்தார் ஹார்லோ. அர்சேனியோவை 'அற்புதப் பார்வையற்றவர்' என்று அழைத்த அதே ரசிக உலகம் இவரை 'அற்புத யூதர்' என்று அழைத்தது. இனம் பார்த்துச் சொன்ன பெயராகத் தோன்றினாலும், அதை ஒரு வாரிசுரிமைப் பட்டமாகவே நான் எடுத்துக்கொள்கிறேன்.

ஹெட்ஃபோனில் கேட்டால் இன்னொன்றும் புலப்படும். தயாரிப்பாளரான ஹார்லோ தாமே பியானோக் கலைஞராக இருந்தும், பல பாடல்களில் பியானோ முன்னால் வந்து நிற்பதில்லை. பாடகரும் கோரோ என்னும் கூட்டுக்குரலும் மாறி மாறிப் பாடும்போது அது அடியில் ஓடிக்கொண்டே இருக்கும்; தனி வாசிப்புக்கான முறை வந்தால்தான் தலையை நீட்டும்.

நியூ ஜெர்சி உறுப்பினர்

ஆசிரியர் சொன்ன அந்தக் குணத்தை நான் மேடையில் கண்டேன். ஹார்லோவும் பாடலாசிரியர் ஹெனி ஆல்வரெஸும் சேர்ந்து உருவாக்கி 1973இல் வெளியான 'ஹோமி' என்ற லத்தீன் ஆப்பரா, பல்லாண்டுகள் கழித்து லிங்கன் சென்டரின் திறந்தவெளி அரங்கில் மீண்டும் அரங்கேறியபோது, கட்டணமில்லா நிகழ்ச்சி என்பதால் அலுவலகத்திலிருந்து நேரே போய்ச் சேர்ந்தேன். தி ஹூ குழுவின் 'டாமி' என்ற ராக் ஆப்பராவிலிருந்து பிறந்த யோசனை இது. கதைநாயகன் பார்வையும் கேட்கும் திறனும் பேச்சும் இல்லாமல் பிறந்து, தாள வாத்தியத்தில் மேதையாகும் சிறுவன். முதலில் அரங்கேறிய இடம் கார்னகி ஹால்.

என்னைச் சுற்றி இருந்தவர்களில் பெரும்பாலோர் எழுபதைக் கடந்த புவர்த்தோ ரிக்கோக்காரர்கள். பக்கத்து நாற்காலியில் இருந்த அம்மையார் கைப்பையிலிருந்து அந்தத் தாளத்தைத் தட்டும் ஒரு ஜோடி கிளாவே குச்சிகளை எடுத்து, முதல் பாடலிலிருந்தே சற்றும் பிசகாமல் தட்டிக்கொண்டிருந்தார். இடையிடையே என் பக்கம் சாய்ந்து, மூலப் பதிவில் எந்தப் பாட்டை யார் பாடினார் என்று சொல்லிவந்தார். 'கிராசியா டிவினா' தொடங்கியதும் தட்டுவதை நிறுத்திவிட்டு, "செலியா" என்று மட்டும் சொன்னார்.

அந்தப் பெயருக்குப் பின்னால் உள்ள கதை, ஹார்லோ என்ற தயாரிப்பாளரின் காதுக்குச் சாட்சி. செலியா க்ரூஸ் கியூபாவை விட்டு வெளியேறி அப்போது பத்தாண்டுக்கு மேலாகியிருந்தது; நியூயார்க்கின் இளைஞர்கள் அவரைத் தங்கள் பெற்றோர் காலத்துப் பாடகியாகவே நினைத்தார்கள். 'ஹோமி'யில் அந்த ஒரு பாடலுக்கு அவரை அழைத்துவந்தவர் ஹார்லோ. மறு ஆண்டே இசைக்குழுத் தலைவர் ஜானி பச்சேகோவுடன் செலியா செய்த தொகுப்பு வெளிவந்து, அவருடைய வாழ்க்கையின் இரண்டாம் பாதி தொடங்கிற்று. புகழ் பெருமளவு பச்சேகோவுக்கே போனது. அதில் பிழையில்லை, ஆனால் கதவைத் திறந்துவிட்டவர் யாரென்பதையும் சொல்லியாக வேண்டும்.

ஹார்லோவைத் தொலைவிலிருந்துதான் பார்த்தேன். அந்த மாலையில் ஆரவாரம் பாடகர்களைச் சுற்றியே இருந்தது. அவரும் அப்படித்தான் விரும்பியிருப்பார் என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.

சிங்கப்பூர் உறுப்பினர்

மேலே எழுதியவர்களோடு ஓர் இடத்தில் மட்டும் முரண்படுகிறேன். ஹார்லோ பின்னால் நிற்க விரும்பியவர் என்பது பாடல்களுக்குப் பொருந்தலாம், மனிதருக்குப் பொருந்தாது. பச்சேகோவும் ஜெர்ரி மசூச்சியும் 1964இல் தொடங்கிய ஃபானியா இசைப்பதிவு நிறுவனத்தில் முதலில் சேர்ந்த கலைஞர்களில் ஒருவராகி, நூற்றுக்கும் மேற்பட்ட தொகுப்புகளைத் தயாரித்தவர் கூச்ச சுபாவியாக இருந்திருக்க முடியாது. கிராமி விருதுகளில் லத்தீன் இசைக்குத் தனிப் பிரிவு வேண்டும் என்று வெளிப்படையாகப் போராடியவர்களில் அவரும் ஒருவர். அந்தப் பிரிவின் முதல் விருது 1976இல் பியானோக் கலைஞர் எடி பால்மியேரிக்குப் போயிற்று. ஹார்லோவுக்கு லத்தீன் கிராமி அமைப்பின் அறங்காவலர் விருது 2008இல்தான் கிடைத்தது. 2021 ஆகஸ்டில் தமது 82ஆம் வயதில் காலமானார்.

புதிதாகக் கேட்க வருகிறவர்கள் 1977இல் வந்த 'லா ராசா லத்தீனா'விலிருந்து தொடங்கலாம் என்பது என் கருத்து. லத்தீன் இசையின் வரலாற்றை ஆப்பிரிக்கா, கரீபியத் தீவுகள், நியூயார்க் என்று பகுதி பகுதியாகச் சொல்லிப்போகும் தொகுப்பு அது; நெஸ்டர் சான்செஸ் பாடியிருக்கிறார். எதிர்காலத்தைக் காட்ட முயலும் கடைசிப் பகுதி எனக்கு இன்றுவரை ஒட்டவில்லை. 'ஆப்பிரிக்கா' பகுதியை மட்டும் ஒலியைக் கூட்டிவைத்து, வேறு வேலை எதுவும் செய்யாமல் உட்கார்ந்து கேளுங்கள்.