மந்தைவெளியிலிருந்து எழும்பூருக்குச் சைக்கிளில்: அனுபவப் பகிர்வு

கடந்த 4 ஆண்டுகளாக மந்தைவெளி வீட்டிலிருந்து எழும்பூர் அலுவலகத்திற்குச் சைக்கிளில்தான் சென்று வருகிறேன். ஒரு வழிக்கு ஏறக்குறைய 7 கிலோமீட்டர். சென்னை சமதளமான ஊர் என்பதால், பாலங்களைத் தவிர்த்தால் மூச்சு வாங்க வைக்கும் ஏற்றம் எதுவும் இல்லை. மெட்ரோ இரண்டாம் கட்டப் பணிகளுக்காக மயிலாப்பூரிலும் இராயப்பேட்டையிலும் சாலைகளை அடைத்த பிறகு, பேருந்தில் எப்போது போய்ச் சேருவேன் என்று சொல்ல முடிவதில்லை. சைக்கிளிலோ, நெரிசல் முற்றினால் இறங்கி ஓரமாகத் தள்ளிக்கொண்டு போய்விடலாம் என்பதால், 35 நிமிடம் என்ற கணக்கு பெரும்பாலும் தவறுவதில்லை. கடல் காற்றில் செயின் துருப்பிடிக்கும் என்பதால் வாரம் ஒரு முறை துடைத்து எண்ணெய் விடுகிறேன். பராமரிப்பு அவ்வளவுதான்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழை ஓய்ந்ததும், பால் தட்டுப்பாடாக இருந்ததால், வேளச்சேரியில் இருக்கும் அக்காவிற்குப் பால்பவுடரும் குடிநீரும் கேரியரில் கட்டிக்கொண்டு புறப்பட்டேன். அவர் தெருமுனையில் முழங்காலளவு தண்ணீர் நின்றது. எஞ்சினில் தண்ணீர் புகுந்த ஸ்கூட்டர்கள் வரிசையாகக் கிடந்தன. நான் தயங்கி நின்றபோது, ரொட்டி மூட்டையோடு சைக்கிளைத் தள்ளி வந்த பெரியவர் ஒருவர், “சைக்கிள முன்னால விட்டு நடங்க தம்பி, சக்கரம் இறங்குச்சுன்னா அங்க பள்ளம்னு தெரிஞ்சுக்கலாம்” என்றார். அவர் பின்னாலேயே நடந்தேன். இரண்டு இடங்களில் முன்சக்கரம் சட்டென்று இறங்கியது. அந்த வார்த்தை இல்லாவிட்டால் என் கால்தான் அங்கே இறங்கியிருக்கும்.

மறுமொழி, புதுக்கோட்டையிலிருந்து:

உங்கள் பதிவைப் படித்ததும் அம்மாவின் நினைவு வந்தது. 1991இல் எங்கள் மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் தொடங்கியபோது, அன்றைய ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் எழுத்தறிவோடு சைக்கிள் பயிற்சியையும் சேர்த்தார். பல்லாயிரம் பெண்களோடு அம்மாவும் கற்றுக்கொண்டார். ஆண்கள் சைக்கிளைத்தான் அவர் விரும்பினார், ஏனென்றால் அதன் முன்கம்பியில் துண்டை மடித்துச் சுற்றி என்னை உட்கார வைக்கலாம். பின்னால் குடத்தையும் கட்டலாம். அதன்பின் சந்தைக்கோ ஆஸ்பத்திரிக்கோ போக, அப்பா வரட்டும் என்று அவர் காத்திருந்ததில்லை.

இன்று நானும் கீழ ராஜ வீதியில் வேலைக்குச் சைக்கிளில்தான் போகிறேன். சென்ற வாரம், அரசு கொடுத்த விலையில்லாச் சைக்கிளில் செயின் கழன்று, பள்ளிக்கு நேரமாகிவிட்டதே என்று ஒரு மாணவி கலங்கி நின்றாள். பின்சக்கரத்தைத் தூக்கிப் பிடிக்கச் சொல்லி, பல்லில் செயினை மாட்டி பெடலைச் சுற்றிக் காட்டினேன். பிறகு அதைக் கழற்றிவிட்டு, அவளையே ஒரு முறை மாட்டச் சொன்னேன்.