ஃபெரல் என்றால் காட்டு விலங்கா? உங்கள் அனுபவத்தையும் சொல்லுங்கள்

மொழிபெயர்க்கும்போது ஃபெரல் என்ற ஆங்கிலச் சொல் வந்தால் பல வருடமாக யோசிக்காமல் 'காட்டு' என்று போட்டுவிடுவேன். கோடியக்கரைக்குப் போன பிறகுதான் அது எவ்வளவு தப்பு என்று உறைத்தது. வேதாரண்யத்துக்குப் பக்கம், 1967-இல் சரணாலயமாக அறிவித்த இடம், எல்லாரும் வெளிமான் பார்க்கத்தான் போவார்கள், நானும் அதற்குத்தான் போனேன். போன இடத்தில் மட்டக்குதிரைகளும் மேய்ந்துகொண்டிருந்தன. லாடம் இல்லை, கயிறு இல்லை, பிடரிமயிர் சிக்குப்பிடித்துக் கிடந்தது. யாருடைய குதிரை அண்ணே என்று கூட வந்த உள்ளூர்க்காரரிடம் கேட்டேன். "யாருதும் இல்ல தம்பி. எப்பவோ யாரோ வளர்த்ததோட வாரிசு, இப்ப அதுபாட்டுக்குத் திரியுது" என்றார்.

அதுதான் ஃபெரல். வெளிமானின் பரம்பரையில் எதுவும் கொட்டடியில் நின்றதில்லை, அது வைல்டு. குதிரை மனிதன் பழக்கிய இனம், கைவிட்டுப் போன பிறகு தானாகப் பெருகியது. இன்னொன்று, ஃபெரல் பூனையைக் காட்டுப்பூனை என்று எழுதினால் அது வேறு இனமாகவே ஆகிவிடுகிறது, காட்டுப்பூனை என்று தனியாக ஒரு விலங்கு இருக்கிறதே. தெருவில் விட்டுவிட்ட வீட்டுப் பூனையும் ஃபெரல் ஆகாது, கூப்பிட்டால் வரும். பிறந்த முதல் ஏழெட்டு வாரத்தில் மனிதக் கை படாமல் வளர்ந்த குட்டிதான் பிறகு நம்மைக் கண்டாலே ஓடும். எங்கள் மாடியில் அப்படி ஒன்று இருந்தது, மூன்று மாதம் பால் வைத்தும் நான் தள்ளிப் போன பிறகுதான் குடிக்கும்.

சரி, தமிழில் இதற்கு என்ன சொல் போடலாம்?

பதில்:

நான் யாழ்ப்பாணம். நெடுந்தீவுக் குதிரைகளும் இதே கதைதான். குறிகட்டுவானில் படகேறினால் ஒரு மணித்தியாலம், இறங்கிக் கொஞ்சத் தூரம் போனால் வெட்டவெளியில் கூட்டமாக நிற்கும். ஒல்லாந்தர் காலத்துக் குதிரை லாயத்தின் தூண்கள் இன்னும் அங்கே இருக்கின்றன. கோடையில் தண்ணீர் இல்லாமல் அவை செத்துப்போவதைக் கேட்டால் மனம் தாங்காது, மனிதன் கொண்டுவந்து விட்டதுதானே.

கட்டாமல் திரியும் கால்நடைக்கு நாங்கள் கட்டாக்காலி என்று ஒரு சொல் பாவிப்போம். ஆனால் கட்டாக்காலி மாட்டுக்குப் பெரும்பாலும் சொந்தக்காரர் இருப்பார், பொழுதுபட்டால் தேடி வருவார். அதனால் குதிரைக்கு அது முழுதாகப் பொருந்தாது.

பதில்:

நன்றி அண்ணா, கட்டாக்காலி எனக்குப் புதுச் சொல், ஸ்ட்ரே என்ற ஆங்கிலச் சொல் வரும் இடத்தில் அதைப் போடுகிறேன். ஃபெரலுக்கு இப்போதைக்கு 'காடேறிய' என்று எழுதிப் பார்க்கிறேன், காடேறிய குதிரை, காடேறிய பூனை.