ஊர் பேரை சுருக்குனா ஏன் எல்லாமே 'ஐ'ல முடியுது? சேலத்துக்கு மட்டும் என்ன பாவம்?

மாங்கனி_மச்சான்:
வணக்கம் மக்களே, ரொம்ப நாளா மண்டைக்குள்ள ஓடுற டவுட்டு, இப்ப அவசரமா பதில் வேணும். அடுத்த வாரம் ஃப்ரெண்டு கல்யாணம், மாப்ள கோயம்புத்தூர், பொண்ணு எங்க ஊரு சேலம், ஃப்ளெக்ஸ் அடிக்கிற வேலைய என் தலைல கட்டிட்டானுங்க. மாப்ள பக்கம் 'கோவையின் செல்லப்பிள்ளை'ன்னு ஒரே நிமிஷத்துல வந்துருச்சு, பொண்ணு பக்கம் அதே மாதிரி கெத்தா ஒண்ணு போடலாம்னு பாத்தா சேலத்துக்கு சுருக்கப் பேரே இல்லங்க. கடுப்புல உக்காந்து லிஸ்ட் போட்டேன்: கோவை, நெல்லை, தஞ்சை, நாகை, குடந்தை, உதகை, செங்கை, மன்னை, சென்னைக்குள்ள வந்தா மயிலை, சைதை, புரசை, வண்ணை. அத்தனையும் ஐ! யாரு உக்காந்து இந்த ரூல் போட்டாங்க? சேலம், ஈரோடு, கரூர், வேலூர் எல்லாம் என்ன தப்பு பண்ணோம்?

கெடிலக்கரை:
ப்ரோ ரூல்படி சேலத்த சுருக்கிப் பாருங்க, 'சேலை'. பேனர்ல 'சேலையின் செல்ல மகளே'ன்னு போட்டா கல்யாணத்துக்கு வர்றவங்க ஜவுளிக்கடை விளம்பரம்னு நெனைப்பாங்க 😂 நீங்களாவது பரவால்ல, நான் கடலூர், எங்களுக்கு என்ன வரும்னு சொல்லவே வேணாம், 'கடலை'. 'கடலை இளைஞர் மன்றம்'னு போர்டு வெச்சா வீட்ல செருப்பால அடிப்பாங்க. இது போக வேலூர் வேலை, ஓசூர் ஓசை, கரூர் கரை. நேத்து இத ஆபீஸ்ல சொன்னேன், வேலூர்க்காரன் ஒருத்தன் 'நாங்க வேலை பசங்க, நீங்க கடலை பசங்க, யாருக்கு பொண்ணு குடுப்பாங்க'ன்னு கேட்டுட்டு போயிட்டான்.

பழைய_வாத்தியார்:
தம்பி, இதுக்கு இலக்கணத்துல பேரே இருக்கு, மரூஉ. நன்னூல்ல இயல்பு வழக்குன்னு மூணு சொல்வாங்க, இலக்கணமுடையது, இலக்கணப்போலி, மரூஉ. கோவையும் தஞ்சையும் மரூஉக்கு உதாரணமா ஸ்கூல்ல நீங்களே மனப்பாடம் பண்ணி ரெண்டு மார்க் வாங்கியிருப்பீங்க, மறந்துபோச்சு. இது போஸ்டர்காரங்க கண்டுபிடிச்சது இல்ல. சங்க காலத்துலயே உறையூர் உறந்தை ஆயிடுச்சு, பட்டினப்பாலைல இருக்கு. சம்பந்தர் பாடுனப்பவே மயிலாப்பூர் 'மடமயிலை'. பாட்டுல சீருக்குள்ள அடங்கணும்ல, தஞ்சாவூர்னு நீட்டி முழக்குறதுக்கு தஞ்சைன்னா ரெண்டே அசை, வேலை முடிஞ்சுது.

இப்ப சேலம் ஏன் மாட்டலன்னா, என் கணக்கு என்னன்னா வால் இருந்தாதான் நறுக்க முடியும். நாகப்பட்டினத்துல பட்டினம் வால், சைதாப்பேட்டைல பேட்டை, செங்கல்பட்டுல பட்டு, மன்னார்குடில குடி. வால வெட்டிட்டு, மிச்சத்துல பாதிய புடிச்சுக்கிட்டு ஐய ஒட்டுனா ஆச்சு. திருநெல்வேலிக்கு முன்னாடி இருக்குற திருவையும் சேத்து கழட்டி வெச்சுட்டாங்க. சேலம், ஈரோடு, தேனி இதுக்கெல்லாம் வாலும் இல்ல, ஊரே ரெண்டு மூணு எழுத்துதான், இதுல எத வெட்டுறது? வேலூர், ஓசூர்ல 'ஊர்'னு வால் இருக்கேன்னு கேப்பீங்க, வெட்டுனா என்ன கதி ஆகுதுன்னு கெடிலக்கரை தம்பி மேலயே சொல்லிட்டாரு. மதுரை பொறக்கும்போதே ஐயோட பொறந்தது, அத விட்ருங்க.

மலைக்கோட்டை_மணி:
வாத்தியாரய்யா ஒரு நிமிஷம், அப்ப எங்க திருச்சி? வால் பள்ளி இருக்கு, முன்னாடி திரு இருக்கு, எல்லா தகுதியும் இருந்தும் ஐ இல்லயே. திருநெல்வேலிக்கு திருவ கழட்டுனவங்க எங்களுக்கு திருவ வெச்சுக்கிட்டு ஊரை கழட்டிட்டாங்க, சிராப்பள்ளில மிஞ்சுனது ஒரே ஒரு 'சி'.

பழைய_வாத்தியார்:
நல்லா புடிச்சீங்க தம்பி. அது புலவர் வெட்டுனது மாதிரி தெரியல, பஸ் ஸ்டாண்டுல கூவுறவர் வெட்டுனது மாதிரிதான் இருக்கு, முன்னாடி இருந்து மூச்சு இருக்குற வரைக்கும் சொல்லிட்டு மிச்சத்த விட்டுட்டாரு. ஆனா உங்களுக்கு என்ன குறை, உறையூர் இன்னிக்கு உங்க ஊருக்குள்ளதான இருக்கு, உறந்தைன்னு போட்டுக்கோங்க, கோவையவிட பழசு.

செட்டிநாட்டுக்காரி:
இதுல இன்னொரு கூத்து இருக்கு, யாரும் சொல்லல. ஒரே சுருக்கத்துக்கு ரெண்டு ஊரு சண்டை. நாங்க காரைக்குடிய காரைன்னு போடுவோம், காரைக்கால்காரங்களும் காரைதான். ஒரு தடவ 'காரை நண்பர்கள்'னு ஒரு வாட்ஸ்அப் குரூப் லிங்க் வந்துச்சுன்னு உள்ள போயிட்டேன், மூணு நாள் 'பீச்சுக்கு எத்தன மணிக்கு கிளம்புறோம்'னே பேசிக்கிட்டு இருக்காங்க. எங்க ஊர்ல ஏதுங்க பீச்சு? அப்புறம்தான் புரிஞ்சு சத்தமில்லாம வெளிய வந்தேன்.

புதுவைன்னா பாண்டிச்சேரின்னுதான இன்னிக்கு எல்லாருக்கும் தெரியும்? திருப்பாவை கடைசிப் பாட்டுல ஆண்டாள் 'அணிபுதுவை'ன்னு சொல்றது ஸ்ரீவில்லிபுத்தூர. எங்க அப்பத்தா மார்கழி பூரா பாடுவாங்க, நான் சின்ன வயசுல ஆண்டாள் பாண்டிச்சேரின்னே நெனச்சிட்டு இருந்தேன் 🙈 எங்களுக்கு பக்கத்துல இருக்குற புதுக்கோட்டைக்கும் அதே புது-தான், ஆனா புதுவைங்கிற சீட்டுல ஏற்கனவே ஆள் இருக்கவும், கோட்டைல இருந்து ஒரு க-வ கடன் வாங்கி புதுகைன்னு வெச்சுக்கிட்டாங்கன்னு நானா ஒரு முடிவுக்கு வந்துட்டேன். வாத்தியார் சரியான்னு சொல்லுங்க.

இன்னொண்ணு, ராமநாதபுரத்துக்கு முகவைன்னு சொல்றது. அதுலயும் ஐ இருக்கு, ஆனா ராமனையும் காணோம் புரத்தையும் காணோம். கும்பகோணம் குடந்தையும் அப்படித்தான, கு மட்டும்தான் ஒத்துப்போகுது?

பழைய_வாத்தியார்:
புதுகை கணக்கு எனக்கும் புடிச்சிருக்கு தாயி, க அங்க இருந்துதான் வந்திருக்கும். குடந்தை கும்பகோணத்த சுருக்குனது இல்ல. தேவாரத்துல அந்த ஊர் குடமூக்கு, ஆழ்வார் பாட்டுல குடந்தை. கும்பம்னாலும் குடம்தானே, பேர் வடமொழிக்கு மாறுன பிறகும் சுருக்கம் மட்டும் பழைய தமிழ்லயே உக்காந்துக்கிச்சு. கோவையும் பாருங்க, கோயம்புத்தூர்ல எங்க இருக்கு 'வ'? கோவன்புத்தூர்னு பழைய பேர் சொல்வாங்க, அங்க இருக்கு. முகவையும் அப்படி தனிப்பேர்தான். ஊர் பேரு சட்டைய மாத்திக்கிட்டாலும் செல்லப்பேரு மாத்தாது.

வல்வையூரான்:
வணக்கம், கடல் தாண்டி ஒரு பதில். எங்கட பக்கமும் இந்த ஐ இருக்கு, வல்வெட்டித்துறையை வல்வை எண்டுதான் சொல்லுவம், முல்லைத்தீவு முல்லை. ஆனா எல்லாத்துக்கும் ஐ போடுறதில்லை. யாழ்ப்பாணம் வெறும் யாழ், கொழும்பில இருந்து 1956ல ஓடத் தொடங்கின ரயிலுக்கும் யாழ்தேவி எண்டுதான் பேர். மட்டக்களப்பு மட்டு, கிளிநொச்சி கிளி. நாங்கள் வெட்டுறதெண்டா வெட்டினபடியே விட்டிடுவம், ஒட்டுறதில்லை.

சண்டை பிடிக்கிற பேர் எங்களிட்டயும் ஒண்டு இருக்கு. திருகோணமலையை திருமலை எண்டு சொல்லுறனாங்கள். சென்னைக்கு வந்த புதுசில வீட்டு ஓனர் அம்மாட்ட 'என்ர அம்மா திருமலை' எண்டு சொல்லிப்போட்டன், அவ கையெடுத்துக் கும்பிட்டு 'போனா லட்டு கொண்டு வா தம்பி' எண்டு சொன்னவ. இண்டைக்கு வரைக்கும் விளங்கப்படுத்தேல்ல, ரெண்டு தரம் லட்டு வாங்கியும் குடுத்திட்டன்.

கெடிலக்கரை:
அண்ணே லட்டு மேட்டர் செம 😂😂 தூத்துக்குடிய யாரும் சொல்லலயே, 'தூத்தை'ன்னு வாய்ல வரவே மாட்டேங்குது, அதனாலதான் ரயிலுக்கு நேக்கா முத்துநகர் எக்ஸ்பிரஸ்னு வெச்சுட்டாங்க போல. திருநெல்வேலிக்கு நெல்லை எக்ஸ்பிரஸ்னு ஊர்ப் பேரே வந்துருச்சு. மாங்கனி ப்ரோ, நீங்களும் அந்த ரூட்டுல போங்க, பேர சுருக்க முடியலன்னா பட்டப்பேர் வெச்சிடணும்.

மாங்கனி_மச்சான்:
எல்லாருக்கும் பெரிய நன்றி, என் ஐடிலயே பதில் இருந்துருக்கு, எனக்குத்தான் தெரியல. 'மாங்கனி நகரின் மங்கையே'ன்னு முடிவு பண்ணி ஃப்ளெக்ஸ் கடைக்கு அனுப்பிட்டேன். பொண்ணோட தம்பி மட்டும் 'சேலையின் செல்ல மகளே'வே நல்லாருக்கு, எங்க அப்பா தறி ஓட்டுறவரு, ரெண்டு அர்த்தமும் சரியா வரும்னு ஒத்தக்கால்ல நிக்கிறான், அதுவும் ஒரு மாதிரி நியாயமாத்தான் தெரியுது.

அப்டேட்: பேனர் வந்துருச்சு. பத்துக்கு பன்னெண்டு அடி, 'மாங்கணி நகரின் மங்கையே'. ண! மூணு சுழி! இத டைப் பண்றப்ப கடைக்கு ஓடிக்கிட்டு இருக்கேன், ஆட்டோல.