ஊராட்சி அலுவலகம் வரை ஃபைபர் வந்துவிட்டது, வீட்டுக்கு எப்படி வரும்?

செங்கம்_கணக்கு:
எல்லோருக்கும் வணக்கம். செங்கம் பக்கத்தில் ஒரு கிராமம் எங்களுடையது. வீட்டிலிருந்தே சின்னக் கடைகளுக்கு ஜிஎஸ்டி கணக்கு போட்டுத் தருகிறேன். மாதம் 20-ஆம் தேதி நெருங்கினால் வயிற்றில் புளி கரைக்கும். போன மாதம் ஃபோன் ஹாட்ஸ்பாட்டில் ஒரு கோடுதான் நின்றது. ஓடிபி வந்து சேர்வதற்குள் அதன் நேரம் முடிந்துவிட்டது. லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு மேல்நிலைத் தொட்டிப் படியில் பாதி ஏறி உட்கார்ந்து, மகள் டார்ச் பிடிக்க, ராத்திரி பத்தரைக்குத்தான் அனுப்பினேன்.

எங்கள் ஊராட்சி அலுவலகத்தில் பாரத்நெட் பெட்டி இருக்கிறது, கிராமங்களுக்கு ஃபைபரில் இணையம் கொண்டுவரும் ஒன்றிய அரசுத் திட்டம் அது. மின்கம்பம் வழியாகக் கறுப்பு வயர் வந்து இறங்குகிறது, பச்சை விளக்கு எரிகிறது. வீட்டிலிருந்து 600 மீட்டர்தான் இருக்கும். தமிழ்நாட்டில் 12,525 ஊராட்சிகளுக்கும் 1 ஜிபிபிஎஸ் (நொடிக்கு ஒரு ஜிகாபிட்) வேக இணைப்பு என்பது திட்டம். அதில் என் வீட்டுக்கு ஒரு துளி வராதா? தனியார் நிறுவனம் ஒன்றைக் கேட்டேன். பத்து வீடாவது சேர்ந்தால்தான் வருவோம் என்றார்கள். யாரைப் பார்ப்பது?

நாமக்கல்_ஃபைபர்:
சகோதரி, எட்டு வருஷமாக ஃபைபர் ஒட்டுகிற வேலை எனக்கு. முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன், 600 மீட்டர் தூரமே இல்லை. கம்பத்தில் ஒரு ஸ்பிளிட்டர் (ஒரு இழையின் ஒளியைப் பல வீடுகளுக்குப் பிரிக்கும் பெட்டி) வைத்து, வீடு வரை டிராப் கேபிள் என்கிற மெல்லிய வயர் இழுத்தால் ஒரு பகல் வேலை. வீட்டுப் பெட்டியில் ஒளியின் அளவு மைனஸ் 27 டிபிஎம்-க்குக் (ஒளியின் பலத்தை அளக்கும் அலகு) கீழே இறங்காமல் இருந்தால் போதும். இறங்கினால் சிவப்பு விளக்கு சிமிட்டும், நெட் நிற்கும்.

அப்புறம் எங்கே சிக்கல்? 2011-இல் இந்தத் திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தபோது ஊராட்சி வரை கொண்டுபோவதுதான் இலக்கு. அங்கிருந்து வீட்டுக்கு யாராவது எடுத்துப்போவார்கள் என்று விட்டுவிட்டார்கள். இழுப்பதற்குப் பணம் ஒதுக்கிய அளவுக்கு அறுந்தால் ஒட்டுவதற்கு ஒதுக்கவில்லை என்பது என் ஆதங்கம். ஊராட்சி ஒன்றிய அலுவலகத்திலிருந்து ஒரே கோடாக ஊர் ஊராகப் போகும் வயர். முதல் ஊரில் ஜேசிபி ஒரு வாரு வாரினால் அதற்குப் பின்னால் இருக்கும் அத்தனை ஊரும் இருட்டு. ஒருமுறை சாலை அகலப்படுத்துகிற இடத்தில் சேற்றுக்குள் குடை பிடித்து உட்கார்ந்து, தலைமுடி மாதிரி மெல்லிய அந்த இழையைத் துடைத்து ஒட்டினேன். மூன்றாம் நாளே அதே இடத்தில் மறுபடியும் அறுந்தது.

2023 ஆகஸ்டில் ஒன்றிய அரசு ஒப்புதல் கொடுத்த திருத்திய பாரத்நெட் திட்டம் இதைத்தான் சரிசெய்ய வந்தது. 1,39,579 கோடி ரூபாய். கோட்டுக்குப் பதில் வளையம்: ஒரு பக்கம் அறுந்தால் மறு பக்கமாகச் சுற்றி வந்துவிடும். 10 வருஷப் பராமரிப்பும் சேர்ந்தே வருகிறது. கேட்கிற கிராம வீடுகளுக்கு 1.5 கோடி இணைப்பு தருவதாகவும் சொல்லியிருக்கிறார்கள். கேட்கிற வீடு என்பதைக் கவனியுங்கள். கேட்கிறோம் என்று எழுத்தில் காட்ட வேண்டும். நம் மாநிலத்தில் இந்த வேலையைப் பார்ப்பது டான்ஃபிநெட் என்கிற தமிழ்நாடு அரசு நிறுவனம். மனு அங்கே போகட்டும், நகல் வட்டார வளர்ச்சி அலுவலருக்கு.

பாலக்காட்டுத்_தமிழன்:
இங்கே கேரளத்தில் கே-ஃபோன் என்கிற மாநில அரசின் ஃபைபர் இணையத் திட்டம் 2023 ஜூன் 5-இல் தொடங்கியது. ஏழைக் குடும்பங்கள் 20 லட்சத்துக்கு இலவசம் என்பது இலக்கு. ஆனால் முதலில் சட்டமன்றத் தொகுதிக்கு 100 குடும்பம் என்றுதான் ஆரம்பித்தார்கள். மற்றவர்களுக்கு 20 எம்பிபிஎஸ் மாதம் 299 ரூபாய் என்று விலை வைத்தார்கள். உங்களுக்கு உதவுவது இதுதான்: வீடு வரை இழுப்பது பெரும்பாலும் உள்ளூர் கேபிள்காரர். எங்கள் தெருவில் வயர் அறுந்தால் அவரையே கூப்பிடுகிறோம், சைக்கிளில் வந்துவிடுவார். உங்கள் ஊர் கேபிள்காரரைப் பேச வையுங்கள்.

செங்கம்_கணக்கு:
இரண்டு அண்ணன்களுக்கும் நன்றி. கேபிள்கார மாமாவிடம் நேற்றே பேசிவிட்டேன். அனுமதி கிடைத்தால் வயர் இழுக்கத் தயார், ஆனால் ஒட்டுகிற மெஷின் வாங்க வசதியில்லை என்கிறார். நாமக்கல் அண்ணா, அதை வாடகைக்கு எடுக்க முடியுமா?

சாயங்காலம் தெருத் தெருவாக நடந்தேன். 14 வீடு கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். நர்சிங் படிக்கிற பெண், பால் சொசைட்டிக்காரர், துபாயில் மகன் இருக்கும் பாட்டி. வீடியோ கால் நடுவில் பேரன் முகம் உறைந்து போவதைச் சொல்லும்போதே பாட்டிக்குக் கண் கலங்கிவிட்டது. அக்டோபர் 2 கிராம சபையில் தீர்மானமாகவே வைக்கப்போகிறேன். தீர்மானத்தில் என்ன வார்த்தை இருக்க வேண்டும் என்று யாராவது எழுதித் தந்தால் உதவியாக இருக்கும்.

நாமக்கல்_ஃபைபர்:
மெஷின் வாடகைக்குக் கிடைக்கும். ஒரு ஞாயிறு நானே எடுத்துக்கொண்டு வருகிறேன், பஸ் செலவு மட்டும் போதும். தீர்மானத்தில் மூன்று சங்கதி கட்டாயம் வேண்டும்: வீடுகளின் எண்ணிக்கை, அலுவலகத்திலிருந்து கடைசி வீடு வரை தூரம், வழியில் எத்தனை மின்கம்பம். கம்பங்களை இப்போதே எண்ணி வையுங்கள்.