பூஞ்சைத் தொற்று, புற்றுநோய்க்கு எதிரான எதிர்ப்பாற்றலை மாற்றிவிடுமா?

கேள்வி

வணக்கம். என் தாயாருக்கு மைலாய்டு வகை ரத்தப் புற்றுநோய். கீமோதெரபியின் முதல் சுற்று முடிந்த சில நாட்களில் காய்ச்சல் வந்தது. ஆன்டிபயாடிக் கொடுத்தும் ஐந்து நாட்களாகத் தணியாததால், சி.டி. ஸ்கேன் எடுத்து, நுரையீரலில் பூஞ்சைத் தொற்று என்று சொல்லி மருந்தைத் தொடங்கினார்கள். இப்போது தேறி வருகிறார். இதற்கிடையே, கணையப் புற்றுநோய்க் கட்டிக்குள்ளேயே பூஞ்சை இருப்பதாகவும் அது எதிர்ப்பாற்றலைத் திசைதிருப்புவதாகவும் படித்தேன். எதிர்ப்பாற்றல் குறைந்ததால் பூஞ்சை வந்ததா, பூஞ்சையால் எதிர்ப்பாற்றல் கெடுகிறதா? பூஞ்சை மருந்தை நிறுத்தாமல் கொடுத்துவந்தால் புற்றுநோயும் கட்டுப்படுமா?

மறுமொழி: ரத்தநோய் மருத்துவர்

உங்கள் தாயாரைப் பொறுத்தவரை, எதிர்ப்பாற்றல் குறைந்ததால்தான் பூஞ்சை வந்தது. அஸ்பெர்ஜில்லஸ் பூஞ்சையின் வித்துகளை நாம் எல்லோரும் அன்றாடம் சுவாசிக்கிறோம். நுரையீரலின் விழுங்கணுக்கள் அவற்றைத் தின்றுவிடுகின்றன; தப்பி முளைத்த இழைகள் விழுங்க முடியாத அளவு நீண்டுவிடுவதால், நியூட்ரோபில் எனும் வெள்ளணுக்கள் அவற்றைச் சூழ்ந்து, நச்சுப் பொருள்களை வெளியிட்டு அழிக்கின்றன. கீமோதெரபிக்குப் பிறகு நியூட்ரோபில் எண்ணிக்கை ஒரு மைக்ரோலிட்டருக்கு 500-க்கும் கீழே இறங்கி, அதே நிலையில் பல நாட்கள் நீடிக்கும்போது இந்த இரண்டாம் அரண் இல்லாமல் போகிறது. இழைகள் ரத்தக் குழாய்களைத் துளைத்து உள்ளே செல்கின்றன. ஸ்கேனில் பூஞ்சை முடிச்சைச் சுற்றி மங்கலான வளையம் ஒன்று தெரிந்திருக்கலாம்; அது பெரும்பாலும் அப்படிக் கசிந்த ரத்தம்தான்.

இத்தொற்று புற்றுநோய்ச் சிகிச்சைக்குச் செய்யும் பெரிய கெடுதல், அடுத்த சுற்றுக் கீமோதெரபியைத் தள்ளிப்போட வைப்பதே என்று நான் கருதுகிறேன்.

மறுமொழி: நோய் எதிர்ப்பியல் ஆய்வாளர்

நீங்கள் படித்தது இதிலிருந்து வேறுபட்டது. அங்கே பூஞ்சை உடலெங்கும் பரவுவதில்லை. கட்டிக்குள் மிகச் சிறிய அளவில் இருந்துகொண்டு சமிக்ஞை அனுப்புவதாகச் சொல்லப்படுகிறது. பூஞ்சைச் சுவரின் பீட்டா குளுக்கன் எனும் சர்க்கரையை, நம் அணுக்களிலுள்ள டெக்டின்-1 எனும் ஏற்பி அடையாளம் கண்டு அழற்சியைத் தூண்டுகிறது. தொற்றை விரட்ட உதவும் அதே அழற்சி, கட்டிக்குள் நெடுநாள் நீடித்தால் புற்றணுக்களைக் கொல்ல வேண்டிய டி அணுக்களை அடக்கும் அணுக்களையும் அழைத்துவரக்கூடும். 2019-இல் ‘நேச்சர்’ இதழில் வந்த ஆய்வில், குடலிலிருந்து கணையத்திற்குச் சென்ற மாலசேசியா எனும் பூஞ்சை, எதிர்ப்பாற்றலின் ஒரு பகுதியான காம்ப்ளிமென்ட் புரதத் தொடரைத் தூண்டிக் கட்டியை வளர்ப்பதாகவும், ஆம்போடெரிசின் பி எனும் பூஞ்சை மருந்து கொடுத்த எலிகளில் அவ்வளர்ச்சி மட்டுப்பட்டதாகவும் கூறப்பட்டது. 2022-இல் வேறொரு குழு, கணையக் கட்டியின் பூஞ்சைகள் புற்றணுக்களை ஐ.எல்-33 எனும் புரதத்தைச் சுரக்கச் செய்து, கட்டிக்குச் சாதகமான எதிர்ப்பணுக்களை வரவழைப்பதை எலிகளில் காட்டியது.

ஆயினும் 2019-இன் தரவுகளை மறுபடி ஆராய்ந்த ஒரு குழு, 2023-இல் அதே இதழில் அதன் முடிவுகளைக் கேள்விக்குள்ளாக்கியது. கட்டியிலுள்ள பூஞ்சை டி.என்.ஏ. மிகச் சொற்பம் என்பதால், ஆய்வகத்தின் காற்றிலும் வேதிப்பொருளிலும் கலந்த மாசை அதிலிருந்து பிரித்தறிவது கடினம். பூஞ்சை என்றாலே கெடுதல் என்றும் சொல்லிவிட முடியாது: பீட்டா குளுக்கன் கொடுத்து முன்கூட்டியே பழக்கிய எலிகளின் வெள்ளணுக்கள் கட்டியை எதிர்த்ததும் பதிவாகியுள்ளது. எலியில் கண்டதை உங்கள் தாயாரின் சிகிச்சைக்குக் கொண்டுவர இப்போது இடமில்லை.

மறுமொழி: ரத்தநோய் மருத்துவர்

இரண்டாம் கேள்வியைப் பற்றி ஓர் எச்சரிக்கை. போசகோனசோல் போன்ற பூஞ்சை மருந்துகள், கல்லீரலில் பிற மருந்துகளைச் சிதைக்கும் நொதியைத் தடுக்கின்றன. வின்கிரிஸ்டின் எனும் கீமோதெரபி மருந்து செலுத்தப்படும் ஒருவருக்கு இவற்றையும் சேர்த்துக் கொடுத்தால் வின்கிரிஸ்டின் உடலில் தேங்கி, சட்டைப் பொத்தானைக்கூடப் போட முடியாத அளவுக்கு விரல்கள் மரத்துப்போகலாம். மைலாய்டு வகையில் அதிகம் பயன்படும் வெனிடோகிளாக்ஸ் எனும் புற்றுநோய் மருந்தின் அளவு வழக்கமாக 400 மில்லிகிராம். போசகோனசோலுடன் அது 70-ஆகக் குறைக்கப்படுகிறது. பூஞ்சை மருந்தை நிறுத்தும்போதும் அந்த அளவை மறுபடி மாற்றியாக வேண்டும். ஆகவே தொடர்வதையும் நிறுத்துவதையும் சிகிச்சை தரும் மருத்துவரே முடிவு செய்யட்டும்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. அடுத்த சுற்றில் வெனிடோகிளாக்ஸ் சேர்க்கப்படும் என்று ஏற்கெனவே சொல்லியிருக்கிறார்கள். பூஞ்சை மருந்தைப் பரிந்துரைத்தவர் வேறொரு மருத்துவர் என்பதால், இரண்டு சீட்டுகளையும் ஒன்றாக எடுத்துச் சென்று காட்டுகிறேன்.