பக்கத்து வீட்டுக் கதவு

சிங்கப்பூரில், தோ பாயோவில் எங்களுக்குப் பக்கத்து வீட்டில் ஒரு சீன ஆன்ட்டி தனியாக இருக்கிறார். 9 வருஷமாக நான் கேட்டைத் திறக்கும் சத்தம் கேட்டாலே மரக்கதவைச் சட்டென்று சாத்திவிடுவார். தீபாவளிக்கு முறுக்கு கொண்டுபோனால்கூட கேட்டைத் திறக்காமல் கம்பி இடைவெளியில் கைநீட்டி வாங்கிக்கொள்வார், ஒரு தேங்க்யூ, அப்புறம் கதவு மூடிவிடும். இவருக்கு நம்மவர்களைப் பிடிக்காது, நம் தாளிப்பு வாசனை ஆகாது என்று நானே முடிவு கட்டிவிட்டேன். மனைவியிடம் சொன்னேன், ஊரிலிருந்து வந்த அம்மாவிடம் சொன்னேன், மகளிடமும் சொன்னேன். லிஃப்டில் அவர் ஏறினால் மகள் போனைப் பார்த்துக்கொண்டு நிற்க ஆரம்பித்தாள்.

1989-லிருந்து வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) கட்டிய அடுக்குமாடி வீடுகளில், எங்கள் வீடும் அப்படித்தான், பூனைக்குத் தடை இருந்தது அல்லவா, அது 2024 செப்டம்பர் 1-ல் மாறியது. லைசென்ஸும் மைக்ரோசிப்பும் இருந்தால் வீட்டுக்கு 2 பூனை வரை வளர்க்கலாம். சில வாரம் கழித்து ஒரு சாயங்காலம் வேலை முடிந்து வருகிறேன், ஆன்ட்டியின் மரக்கதவு விரியத் திறந்திருக்கிறது, கேட்டில் புதிதாக வலை அடித்திருக்கிறார், வலைக்குப் பின்னால் ஒரு சாம்பல் பூனை, இடது காதில் நுனி இல்லை, என்னையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. "நவ் கேன் ஆல்ரெடி", இப்போதுதான் வளர்க்கலாமே, என்று சிரித்தார். அதற்கு 10 வயதாம்.

பூனை வெளியே ஓடிவிடக் கூடாது, நான் பார்த்துப் புகார் கொடுத்துவிடக் கூடாது, அதற்காகத்தான் இத்தனை வருஷமும் அந்தக் கதவு மூடியிருக்கிறது. அவர் என்னைக் கண்டு பயந்திருக்கிறார்.

அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. 2010-ல் வாடகைக்கு அறை தேடியபோது ஒரு வீட்டுக்காரர் என் பெயரைக் கேட்டதும் இந்தியர்களுக்குக் கொடுப்பதில்லை என்று போனை வைத்துவிட்டார். அது நடந்தது, தப்புதான், அதை மறக்க வேண்டும் என்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டாம். ஆனால் அந்த மனிதரின் முகத்தைக்கூட நான் பார்த்ததில்லை, அந்தக் கடனை இந்த ஆன்ட்டியின் கணக்கில் எழுதி 9 வருஷம் வட்டி வசூலித்திருக்கிறேன். கண்ணால் பார்த்தது ஒரு கதவு மூடியதை மட்டும், மீதி எல்லாம் நானாகச் சேர்த்தது. மகளிடம் இதை அப்படியே சொன்னேன். "அப்போ ஏம்ப்பா என்கிட்ட அப்படிச் சொன்னீங்க?" என்றாள். தப்பு என்னுடையது என்றேன், வேறு பதில் என்னிடம் இல்லை.

மறுமொழி:

அண்ணா, நான் அந்த ஆன்ட்டியின் இடத்தில் இருந்தவள். ஈசூனில் 2 பூனைகளை ஒளித்து வளர்த்தேன். எதிர்வீட்டுப் பெரியவர், நம் தமிழர்தான், ஒருநாள் "என்னம்மா, ராத்திரி குழந்தை அழுற மாதிரி இருந்துச்சே" என்று கேட்டார். அடுத்த மாதமே பூனையை வெளியேற்றச் சொல்லிக் கடிதம் வந்தது. போட்டுக்கொடுத்தது அவர்தான் என்று முடிவு செய்துவிட்டேன். கோவிலில் எதிரே வந்தால் அவர் கையெடுத்துக் கும்பிடுவார், நான் தூணைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். புகார் கொடுத்தது யார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது, அவரிடம் ஒரு வார்த்தை கேட்டதும் இல்லை. போன வருஷம் மகன் வீட்டோடு போய்விட்டார். உங்கள் அனுபவத்தைப் படித்ததும் கீழ்வீட்டு அக்காவிடம் அவர் நம்பர் வாங்கிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுகிறேன். எப்படி இருக்கீங்க ஐயா என்று முதலில் கேட்க வேண்டும், அதைக்கூட நான் ஒருநாளும் கேட்டதில்லை.