நிறமாலைக் கோப்புகள்: காற்று அலைநீளத்தை வெற்றிட அலைநீளமாக மாற்ற உதவி தேவை

வணக்கம். ஸ்லோன் வான் ஆய்விலிருந்து ஏ வகை (வெப்பமான, வெண்ணிற) விண்மீன் ஒன்றின் நிறமாலை உள்ள ஃபிட்ஸ் கோப்பை (வானியல் தரவுகளுக்கான கோப்பு வடிவம்) இறக்கி, பைத்தானில் ஆஸ்ட்ரோபை என்ற வானியல் நிரல் தொகுப்பைக் கொண்டு திறந்தேன். கிடைமட்ட அச்சில் 3.58 முதல் 3.96 வரைதான் எண்கள்! 'லாக்லாம்' என்ற பத்தி அலைநீளத்தின் மடக்கை என்பது பிறகுதான் புரிந்தது. 10-இன் அடுக்காக மாற்றியதும் ஆங்ஸ்ட்ராம் (0.1 நானோமீட்டர்) கணக்கில் வரைபடம் வந்தது. பால்மர் கோடுகள் (ஹைட்ரஜன் ஒளியை உறிஞ்சும் இடங்கள்) ஆழமான பள்ளங்களாக இறங்கி, ஊதாப் பக்கம் நெருங்கி நெருங்கிச் செல்வதைப் பார்த்தபோது திரையிலிருந்து கண்ணை எடுக்கவே முடியவில்லை.

சிக்கல், நானே எடுத்த வேகா விண்மீனின் நிறமாலையில்தான். அந்தக் கோப்பில் அட்டவணை இல்லை. ஒரே வரிசையில் எண்கள். தொடக்க அலைநீளமும் படி அளவும் தலைப்புப் பகுதியில் உள்ளன. அவற்றைக் கொண்டு கணக்கிட்டு இரு நிறமாலைகளையும் சேர்த்து வரைந்தால், பால்மர் வரிசையின் சிவப்புக் கோடான ஹைட்ரஜன் ஆல்ஃபா ஏறத்தாழ 2 ஆங்ஸ்ட்ராம் விலகி நிற்கிறது.

ஸ்லோன் அலைநீளங்கள் வெற்றிடத்துக்குரியவை (6564.6), என் அளவீடு காற்றுக்குரியது (6562.8). காரணம் இதுதானா, அல்லது விண்மீன்களின் ஆரத் திசைவேகமும் (நம்மை நோக்கியோ நம்மை விட்டு விலகியோ நகரும் வேகம்) கலந்திருக்கிறதா? புவியின் ஓட்டத்துக்கான திருத்தத்தையும் நான் செய்யவில்லை. எதை முதலில் சரிசெய்ய வேண்டும்? காற்றிலிருந்து வெற்றிடத்துக்கு மாற்றும் நிரல் வரிகளை யாராவது தந்தால் பேருதவியாக இருக்கும். கேட்டால் இரு கோப்புகளையும் அனுப்புகிறேன்.